உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் புல்தரையும் பழுப்புத் திட்டும்

மாவனல்லையில் புல் வளர்ப்பது பெரிய காரியமே இல்லை. வளரவிடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு. வேலியோரத்தில் கேட்பாரற்ற புல் இடுப்புவரை நிற்கும். சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்துப் பதித்த புல்தான் நடு முற்றத்தில் திட்டுத் திட்டாகக் கருகும். பக்கத்து வீட்டார் "தண்ணி போதாது" என்பார், பசளைக் கடைக்காரர் "யூரியா போடுங்க" என்பார். இரண்டையும் செய்வதற்கு முன் கீழே உள்ளவற்றை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பழுத்ததெல்லாம் செத்ததல்ல
ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கம் மழை குறைந்த மாதங்கள். அப்போது புல் தன் இலைகளைக் காயவிட்டு, உயிரை அடிக்கணுவில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு பிடி புல்லை விலக்கி, இலையும் வேரும் சேரும் இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரப்பசையோடு இருந்தால் புல் உயிரோடுதான் இருக்கிறது. ஏப்ரலில் இரண்டு மழை விழுந்தால் தானே துளிர்க்கும். அடியும் தவிட்டு நிறமாகி, கையில் எடுத்ததும் நொறுங்கினால் மட்டுமே புதுப் புல்லைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழுப்புக்கு அபராதம் இல்லை
அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வீட்டு முன்புறப் புல்லைப் பசுமையாக வைத்திருக்காதவர்களுக்கு நகரசபைகள் அபராதம் போட்டதுண்டு. கடும் வரட்சி வாட்டிய 2015இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. வரட்சி அவசரநிலை அமுலில் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாததால் பழுத்த புல்லுக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம். அதே காலத்தில் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்துக் கொடுக்கும் தொழிலும் அங்கே நன்றாக ஓடியது.

ஒரு பேர்ச்சுக்கு எவ்வளவு தண்ணீர்?
வெயில் காலத்தில் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீற்றர் தண்ணீர் போதும் என்பது பொதுவான கணக்கு. ஒரு பேர்ச் சுமார் 25.3 சதுர மீற்றர். அப்படியானால் பேர்ச்சுக்கு வாரம் 630 லீற்றர் வரை, நாலு பேர்ச் புல்தரைக்கு 2,500 லீற்றர் வரை தேவைப்படும். தண்ணீர் பில்லில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். ஆகவே புல்லுக்கு மட்டும் மாதம் 10 அலகு போய்விடும். மகா ஓயாவே மெலிந்து ஓடும் மாதத்தில் அவ்வளவு தண்ணீர் புல்லுக்குத் தேவையா என்பதை வீட்டுக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும்.

செமன் டின் சோதனை
நாலைந்து வெறும் செமன் டின்களைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்துவிட்டு, வழக்கம்போல் தண்ணீர் தெளியுங்கள். கால் மணித்தியாலம் கழித்து ஒவ்வொரு டின்னிலும் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளவுங்கள். பழுப்புத் திட்டில் வைத்த டின்னில் மட்டும் தண்ணீர் குறைந்தால் அது நோயல்ல. தெளிகுழாய் அந்தப் பக்கம் எட்டவில்லை, அவ்வளவுதான். சோதனை முடிந்ததும் டின்களை எடுத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அந்தத் தண்ணீரே தாராளம்.

அந்தி நேரத்துத் தண்ணீர் ஆகாது
வேலை முடிந்து வந்து ஆறு மணிக்குக் குழாயைத் திறப்பவர்கள்தான் அதிகம். புல் நோய்களுக்கு அந்த நேரம் மிகவும் வசதியானது. மாலையில் நனைந்த இலை, இரவுப் பனியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மறுநாள் வெயில் ஏறும்வரை ஈரமாகவே கிடக்கும். விடியற்காலையில் ஊற்றினால் ஏற்கெனவே பனியில் நனைந்த இலைதான் மறுபடி நனைகிறது. வெயில் வந்ததும் இரண்டு ஈரமும் ஒன்றாகக் காய்ந்துவிடும்.

வட்டமாகப் பரவினால்...
மே மாதம் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி பிடித்து, இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் தோன்றும் வட்டத் திட்டு வேறு வகை. ஒரு சாண் அகலத்தில் தொடங்கி ஒரு மீற்றரையும் தாண்டும். அதன் ஓரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கண்ணருகே பிடியுங்கள். நடுவில் வைக்கோல் நிறத்தில் காய்ந்த புள்ளியும், அதைச் சுற்றிக் கருங்கபில நிறத்தில் மெல்லிய விளிம்பும் தெரியும். சில புல் வகைகளில் இலையில் புள்ளி இராது. பிடித்து இழுத்தால் அடி அழுகிய இலை கையோடு கழன்று வரும், வேர் மண்ணிலேயே நிற்கும். இது றைசொக்டோனியா சொலானி என்ற பங்கசின் வேலை. 20 பாகை செல்சியசுக்குக் குறையாத இரவும், பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஈரமாகக் கிடக்கும் இலையும் அதற்கு வேண்டும். மாவனல்லையில் இரண்டும் இலவசம்.

வயலிலும் இதே பங்கசுதான்
இந்தப் பங்கசை 1858இல் ஜேர்மனியின் யூலியஸ் கூன் உருளைக்கிழங்கில் கண்டு விவரித்தார். நெற்பயிரின் இலையுறையைக் கருக்குவதும், மேடைப் பாத்தியில் மரக்கறி நாற்றுகளை அடியோடு சாய்ப்பதும் இதே இனம்தான். ஆகவே நோய் கண்ட திட்டிலிருந்து வாரிய புல்லைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காகப் போடாதீர்கள். கருகல் கண்ட வயலின் வைக்கோலையும் புல்தரைக்குக் கொண்டுவர வேண்டாம்.

காலிலும் கத்தியிலும் பயணம்
பல பங்கசுகள் வித்திகளைக் காற்றில் பறக்கவிட்டுப் பரவும். புல்லைக் கருக்கும் றைசொக்டோனியா பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இழைகளாகப் படர்ந்தும், கடுகை விடச் சிறிய கபில முடிச்சுகளாக மண்ணில் கிடந்தும் காலம் தள்ளும். அந்த முடிச்சுகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஈரப் புல்லில் நடந்த செருப்பும், நாலு வீட்டில் வெட்டிவிட்டு வரும் புல் வெட்டும் மெஷினும் அதற்கு வாகனம். நல்ல இடத்தை முதலில் வெட்டுங்கள். திட்டுள்ள இடத்தைக் கடைசியாக, இலை காய்ந்திருக்கும்போது வெட்டி, வெட்டியதை வாரி எடுத்துவிட்டு மெஷினைக் கழுவுங்கள்.

புல் பாயாகச் சுருண்டால் வேரில் ஆள் இருக்கிறது
பழுத்த இடத்தின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்துத் தூக்குங்கள். பாயைச் சுருட்டுவதுபோல் புல் அப்படியே கிளம்பி வந்தால் கீழே வேரே இல்லை என்று அர்த்தம். மண்ணை விரலால் கிளறினால் பால்வெள்ளை உடலும் கபிலத் தலையும் கொண்ட புழுக்கள் வில்லாக வளைந்து கிடக்கும். வண்டுகளின் பிள்ளைகள் அவை. சதுர அடிக்கு ஒன்றிரண்டு என்றால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். எட்டு, பத்து என்று எண்ண முடிந்தால் வைத்தியம் வேண்டும். பங்கசு பிடித்த புல்லில் இலை மட்டும் கழலும், புழு தின்ற புல்லில் தரையே கழலும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் தவறான போத்தலுக்குக் காசு கொடுக்க மாட்டீர்கள்.

காகமும் காட்டுப் பன்றியும் குற்றவாளிகளா?
காலையில் எழுந்து பார்த்தால் புல்தரை உழுது போட்டிருக்கும். இறப்பர்த் தோட்ட எல்லையில் வீடிருந்தால் காட்டுப் பன்றி, ஊருக்குள் என்றால் காகமும் மைனாவும். அவை பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் புழுவையும் மண்புழுவையும் தேடித்தான் வருகின்றன. வேலியைப் பலப்படுத்துவதோடு நின்றுவிடாமல், அவை கிளறிய இடத்தில் நீங்களும் ஒரு தடவை கிளறிப் பாருங்கள்.

பங்கசிலும் நல்லவர்கள் உண்டு
வண்டுப் புழுக்களைப் பிடித்துக் கொன்று, உடலெல்லாம் பச்சைப் பொடி பூக்கவைக்கும் ஒரு மண்பங்கசு இருக்கிறது, பெயர் மெற்றாறைசியம். 1879இல் ரஷ்யாவின் இலியா மெச்னிகோஃப் தானியப் பயிரைத் தின்ற வண்டில் இதைக் கண்டு, பூச்சிக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். பிற்பாடு நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. கண்ட பங்கசுநாசினியை எல்லாம் புல்தரையில் ஊற்றினால் இந்த மாதிரி உதவிக்காரர்களுக்கும் சேர்த்தே அடி விழும்.

சவர்க்காரத் தண்ணீர் சொல்லும் உண்மை
கோப்பை கழுவும் திரவம் இரண்டு மேசைக் கரண்டியை நாலு லீற்றர் தண்ணீரில் கரைத்து, திட்டின் ஓரத்தில் ஒரு சதுர மீற்றரில் ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சியோ படைப்புழுவோ இருந்தால் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். வேர்ப்புழு மட்டும் இதற்கு அசையாது. அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். படைப்புழுவுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அது இலையைக் கடித்து முடித்துக்கொண்டே நகரும். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை விழும். 2018இல் இலங்கைச் சோளச் சேனைகளைக் கலங்கடித்த சேனா படைப்புழுவும் புல் குடும்பத்தை விரும்பித் தின்னும் இனமே.

நடுவில் கருகல், சுற்றிலும் கரும்பச்சை
உள்ளங்கை அகலத்தில் செத்த புல், அதன் விளிம்பில் மட்டும் கொழுத்த பச்சை வளையம்: நாய் சிறுநீர். நடுவில் நைதரசன் அளவுக்கு மீறி எரித்துவிடுகிறது. ஓரத்தில் அதே நைதரசன் அளவாகக் கிடைத்துப் பசளையாகிவிடுகிறது. கண்ட உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் புல் தப்பும். மறுநாள் ஊற்றிப் பயனில்லை.

யூரியா மருந்தல்ல
யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு பேர்ச்சுக்கு 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் தூவ வேண்டாம். தூவியதும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும். கைப்பிடி கொட்டிய இடமெல்லாம் இரண்டொரு நாளில் கருகும். பங்கசு பிடித்த புல்லுக்கு மழைக்காலத்தில் யூரியா போட்டால் இன்னும் மோசம். அவசரமாக வளரும் மெல்லிய இலை நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும்.

பத்து நாள் கழித்து வரும் கருகல்
கிளைபோசேற்று இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் முதலில் தளர்த்தப்பட்ட களைகொல்லி. இலை வழியே உள்ளே போய் வேர்வரை இறங்கும். புல் பழுக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால் பழி வேறெதன் மீதோ விழும். திட்டு வட்டமாக இல்லாமல் நீள வரியாகவோ பாதம் பாதமாகவோ இருந்தால், வேலியோரம் மருந்து அடித்த நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். களைகொல்லி அடித்த தாங்கியைப் புல்தரைக்கான பசளைக்கோ பூச்சிநாசினிக்கோ பயன்படுத்தவே கூடாது.

கராம்புப் பாயும் ஓட்டோ ஒயிலும்
கேகாலை மாவட்டம் கராம்பும் மிளகும் விளையும் பூமி. வெயில் கண்டதும் பாயும் படங்கும் புல்லுக்கு மேல்தான் விரியும். இரண்டு நாள் ஒரே இடத்தில் கிடந்தால் அடியிலுள்ள புல் வெளுத்து வெந்துவிடும். நேர்கோட்டு ஓரம் கொண்ட சதுரத் திட்டை எந்த நோயும் உண்டாக்காது. கலியாண வீட்டுக் கூடாரத்துக்கும் இதே கணக்குத்தான். முச்சக்கரவண்டி நிற்கும் இடத்தில் சொட்டிய ஒயிலும், புல் வெட்டும் மெஷினுக்குப் பெற்றோல் ஊற்றும்போது சிந்தியதும் மாதக் கணக்கில் அடையாளம் விட்டுப் போகும். மெஷினுக்குச் சீமெந்துத் தரையில் வைத்து எண்ணெய் ஊற்றுங்கள்.

மொட்டை வெட்டு
புல் வெட்டும் இயந்திரத்தை 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் உருவாக்கினார். துணி ஆலையில் கம்பளியின் மேல் மயிரைச் சீராக நறுக்கும் இயந்திரமே அவருக்கு வழிகாட்டி. சீராக, மேலோட்டமாக என்பதுதான் அதன் தத்துவம். நம் ஊரில் தோளில் மாட்டும் மெஷின்காரர் ஒரு மாதப் புல்லை ஒரே வீச்சில் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் முற்றம் முழுக்கப் பழுப்பு. உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் வெட்டக் கூடாது. அகல இலைப் புல்லை நாலைந்து சென்டிமீற்றர் உயரத்தில் விடுவது நல்லது. மழுங்கிய கத்தி இலையை நறுக்காமல் கிழிப்பதால் நுனியெல்லாம் வெளுக்கும்.

காளான் வளையம்
மழைக்குப் பின் புல்தரையில் வளையமாகக் காளான் முளைத்து, அந்த வளையத்தில் புல் மட்டும் செழிப்பாகவோ கருகியோ இருப்பதுண்டு. மண்ணுக்குள் படர்ந்த பங்கசு இழை தண்ணீரை இறங்கவிடாமல் செய்வதே கருகலுக்குக் காரணம். செழிப்புக்குக் காரணமான ஒரு சேர்மத்தை ஜப்பானின் கவாகிஷி குழுவினர் 2010இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஓர் எச்சரிக்கை: வெப்ப நாடுகளின் புல்தரையில் இப்படி முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக் காளான்களில் குளோரோஃபில்லம் என்ற நச்சுக்காளானும் உண்டு. முற்றியதும் அதன் அடிச் செதில்கள் பச்சை பாயும். தின்றால் சில மணித்தியாலங்களில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். முற்றத்துக் காளானைக் கறிக்கு எடுக்காதீர்கள்.

வீடு கட்டிய மிச்சம்
ஒவ்வொரு வரட்சியிலும் அதே இடம், அதே அளவில் பழுக்கிறதா? ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். அரைச் சாணில் முட்டினால் கீழே செங்கல் துண்டோ, சீமெந்து குழைத்த இடமோ, கபுக் கல்லோ இருக்கும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய காணியில் மேல்மண் பள்ளத்துக்குப் போய்விடும். புல் நிற்பது செங்களிமண்ணில். மருந்துக் கடையில் இதற்குப் பரிகாரம் இல்லை. தோண்டி எடுத்து, நல்ல மண்ணும் கூட்டெருவும் போட்டு நிரப்பினால் ஒரே தடவையில் தீரும்.

தோட்டத்து முள்ளுக் குத்து
தேயிலைத் தோட்டங்களில் முள்ளுக் குத்துவது பழைய வேலை. முள்ளு என்ற பல் கருவியை மண்ணில் இறக்கி, மண்ணைப் புரட்டாமல் இலேசாக நெம்பிவிட்டு எடுப்பார்கள்; காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்கும். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடி இறுகிய முற்றத்துக்கும் அதே வைத்தியம் போதும். கால் மிதியால் புல் தேய்வதற்குக் கொழும்பு காலிமுகத் திடலை விடப் பெரிய சாட்சி இல்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் அமைக்கப்பட்ட அந்தத் திடல், கூட்டம் கூடும்போதெல்லாம் புல்லை இழந்து மறுபடி பதிக்கப்பட்டு வருகிறது.

மரத்தடியில் பிடிவாதம் வேண்டாம்
பலா, றம்புட்டான் நிழலில் அருகம்புல் நிற்காது. அது நல்ல வெயில் கேட்கும் புல். அகல இலைப் புல் ஓரளவு நிழலைத் தாங்கும். அதுவும் நிற்காத அடர் நிழலில் பன்னமோ கல்லோ வையுங்கள்.

டொலமைற்றும் யூரியாவும் ஒரே நாளில் கூடாது
மழை அதிகமான சப்ரகமுவ மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. தேயிலைக்கு அது பிடிக்கும், பெரும்பாலான புற்களுக்குப் பிடிக்காது. தோட்டங்களில் பயன்படும் டொலமைற்று அமிலத்தைக் குறைக்கும். ஆனால் மாதக் கணக்கில்தான் வேலை செய்யும். அதனுடன் சேர்த்து யூரியா போட்டால் நைதரசன் அமோனியா வாயுவாகி வீணாகும். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி விடுங்கள்.

சரிவில் மொட்டை என்றால் அலட்சியம் வேண்டாம்
சமதரையில் பழுப்புத் திட்டு அழகுப் பிரச்சினை. சரிவில் அது மண் பிரச்சினை. ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் மூடாவிட்டால் மேல்மண் வடிகானுக்குப் போய்விடும். புல்வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும், மலையைப் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 2016 மே 17 அன்று பக்கத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். புல்தரையில் புதிதாக வெடிப்பு, திடீர் ஊற்று, சாயும் மரம் தென்பட்டால் அது தோட்டக்காரரிடம் சொல்லும் விஷயமல்ல. வீட்டைவிட்டு விலகி, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

ஒட்டுப்போட விதை வேண்டாம்
காரணம் தீர்ந்த பிறகு, செத்த புல்லை வாரி எடுத்து, மண்ணைக் கொத்திவிட்டு, நல்ல பக்கத்திலிருந்து ஓடுகொடிகளைக் கணுவோடு வெட்டி அரைச் சாண் இடைவெளியில் பதியுங்கள். மழை தொடங்கும் வாரம் தோதானது. அகல இலைப் புல்லும் அருகும் விரைவில் மூடும்; நுண்ணிலைப் புற்கள் மெதுவாகத்தான் வரும்.

மொத்தத்தில், பழுப்பு என்பது ஒரே நோயல்ல. தாகமும் பழுப்பு, அதிகத் தண்ணீரும் பழுப்பு, பசியும் பழுப்பு, அதிகப் பசளையும் பழுப்பு. திட்டின் வடிவத்தைப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள், தோண்டிப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் பத்து நிமிடமும் ஒரு மம்பட்டியும் போதும். அப்போதும் விளங்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.